வாணம் விரிகிற நாலு விநாடி

தொப்.

காய்ந்த கிணற்றுக்குள் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வாவியில் இருட்டு, கரையில் சனம், அவ்வளவுதான். நீங்கள் வானத்தில் பூவைக் காணும்போது என்னுடைய வேலை பாதி முடிந்திருக்கும். வாணவேடிக்கையைப் படம் எடுப்பது கண்ணுடைய தொழில் என்று நினைக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். அது காதுடைய தொழில். குழாயை விட்டு வாணம் கிளம்புகிற அந்தத் ‘தொப்’ கேட்டதும் கமெராவைத் திறக்க வேண்டும். அது ஏறி, விரிந்து, உதிரும் வரை நாலு விநாடி திறந்தே வைத்திருக்க வேண்டும். பிறகு மூடிவிட்டு, அடுத்த ‘தொப்’புக்குக் காதைக் கொடுக்க வேண்டும்.

இதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஷெல் கிளம்புகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் நடுவில், பங்கருக்குள் குப்புறக் கிடந்து எண்ணி எண்ணிப் பழகியது. இரவில் விழித்திருந்து பிழைக்கிற காவல்காரரே, பேக்கரிக்காரரே, வலை இழுக்கிறவரே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நித்திரை வராதவனைத் தேடி ஏதாவது ஒரு தொழில் வந்து சேரும். பகலில் அடையாள அட்டைக்குப் படம், இரவில் கோயில், கல்யாணம், வாணம் என்று எனக்கு வந்து சேர்ந்தது இது.

எல்லாரும் படுத்த வருஷம்

சண்டை நிறுத்தம் வந்த பிறகு வந்த முதல் சித்திரை வருஷப் பிறப்புக்கு, பட்டணத்து வாவிக்கரையில் வாணவேடிக்கை வைத்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வைக்கிறார்கள். கடைசி பஸ் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஏழரை மணிக்கே நேரம் குறித்தாயிற்று. செங்கலடி, ஏறாவூர், காத்தான்குடி என்று எல்லாத் திசையிலிருந்தும் சனம். கச்சான் கடலைக் கடை, பலூன், புதுச் சட்டைக் கஞ்சி மணம். வாணம் விடுகிறவர் தன்னாமுனை அந்தோனி அண்ணன். சண்டை நேரம் முழுக்க வாண மருந்து இடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர், அன்றைக்குக் கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

முதல் ‘தொப்’ கேட்டது. நான் கமெராவைத் திறந்தேன். அவ்வளவுதான் தெரியும். அடுத்த விநாடி அத்தனை சனமும் மணலில் படுத்துவிட்டது. ஒருவரும் கத்தவில்லை. பிள்ளைகளைக் கீழே போட்டு, மேலே தாய்மார் கவிழ்ந்து, கையைக் காதில் வைத்து, பழகின ஒழுங்கில் படுத்தார்கள். வாணம் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் தெரியும். உடம்புக்குச் சொல்லத்தான் மறந்து போனார்கள். கமெராவைத் திறக்கிற வயரைக் கையில் பிடித்தபடி நானும் படுத்துக் கிடந்தேன் என்பதை இங்கே ஒளிக்கப் போவதில்லை. மேலே பச்சையாக ஒரு பூ விரிந்து உதிர்ந்தது. அதைப் பார்த்தது அந்தோனி அண்ணன் மட்டும்தான். “தம்பிமாரே, என்ட வாணத்துக்கு விழுந்து கும்பிட்ட சனத்தை இண்டைக்குத்தான் கண்டன்!” என்று அவர் கத்தினார். முதலில் ஒரு கிழவர் சிரித்தார், பிறகு எல்லாரும் மணலைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

நான் எழும்பும்போதுதான் அந்த அம்மாவைக் கண்டேன். அவர் படுக்கவே இல்லை. வாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சனத்தைப் பார்த்தபடி நின்றார். பெயர் பூமணி, பனிச்சங்கேணி. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடு கட்டப் போன மகன் ரவி திரும்பி வரவில்லை. ஆர் கொண்டு போனது, எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்று சொல்ல ஒருவரும் இல்லை. சின்ன வயதில் வாணம் என்றால் மூன்று கட்டை தூரம் நடந்து போய்ப் பார்க்கிற பிள்ளையாம். உயிரோடு இருந்தால் இன்றைக்கு இங்கே வந்திருப்பான் என்பது அவருடைய கணக்கு. என் கமெராவைக் கண்டதும் கிட்ட வந்து சொன்னார்: “தம்பி, எல்லாரையும் எழும்பச் சொல்லுங்க மனே. ஒருத்தன்ட முகமும் தெரியுதில்ல.”

வெயிலில் பார்த்த படம்

எழும்பிய பிறகு மிச்ச வாணங்களையும் சனத்தையும் சேர்த்து முப்பத்தாறு படம் எடுத்தேன். அந்த அம்மாவுக்கும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். “படம் கழுவி வந்ததும் வாங்க அக்கா, ஆறுதலா இருந்து பாப்பம்.” கலர் ரோல் அந்த நாளில் கொழும்புக்குத்தான் போக வேண்டும். யாரையும் நம்பாமல் நானே கொண்டு பஸ் ஏறினேன்.

சண்டை நின்றும் வீதிச் சோதனை இன்னும் நிற்கவில்லை. ஒரு சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் பையைப் பார்த்த ஆமிப் பொடியனுக்கு இருபது வயது வராது. மரியாதையான பிள்ளை. ரோலை எடுத்து, இது என்ன என்று கேட்டான். படம் என்றேன், வாணப் படம், வருஷத்து வாணம். கையை மேலே வீசி விரித்துக் காட்டினேன். அவனுக்கும் ஆசை வந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்க முந்தி, டப்பாவுக்குள் இருந்த நாடாவை முழுக்க இழுத்து, பத்து மணி வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். எல்லாரும் படுத்துக் கிடந்த அந்தப் படமும், அதன் பின்னால் பூமணி அம்மா தேட இருந்த முகங்களும் என் கண்ணுக்கு முன்னால் வெளிச்சத்தில் கரைந்தன. பொடியன் நாடாவைக் கவனமாகச் சுருட்டி என் கையில் வைத்து, தெரிந்த தமிழில் எனக்கு ஆறுதல் சொன்னான்: “பயப்பட வேணாம் ஐயா. இதில ஒண்டும் இல்ல. போங்க.”

ஏறாவூர் முதலாளியின் தலை

அதற்குப் பிறகு நான் கலரை விட்டேன். கறுப்பு வெள்ளை ரோல் போட்டு, வீட்டுக் குளியலறையைச் சாக்கால் மறைத்து, நானே கழுவத் தொடங்கினேன். கையால் கற்றவனுக்கு ஒரு குறை எப்போதும் இருக்கும். என் குறை தண்ணீர். படத்தை மருந்தில் போட்ட பிறகு நல்ல தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும். கிணறு வீட்டுக்குப் பின்னால் தூரத்தில் இருந்தது. இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வாளி வாளியாகச் சுமக்க உடம்பு கேட்காது. இரண்டு வாளியோடு விட்டுவிடுவேன். படம் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும்.

இரண்டாம் வருஷம் வாவிக்கரையில் விளையாட்டுச் சாமான் கடை போட்டிருந்த ஏறாவூர் முதலாளி ஒருவர் என்னைப் பிடித்தார். கட்டாரில் இருக்கிற மகனுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும். தன் தலைக்கு நேர் மேலே வாணம் விரிய வேண்டும். முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினேன்: “காக்கா, நாலு விநாடி சிலை மாதிரி நிக்கோணும். அசைஞ்சா படத்தில நீங்க விழமாட்டீங்க, புகைதான் விழும்.” அதெல்லாம் நிற்பேன் என்று வெள்ளைச் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றார். ‘தொப்’ கேட்கும், நான் திறப்பேன், அவர் தலை மெல்ல மேலே போகும். ஐந்து வாணத்துக்கும் இதே கதை. கழுவிப் பார்த்தால் சாரம் இருக்கிறது, சேட்டு இருக்கிறது, கடிகாரம்கூடப் பளிச்சென்று இருக்கிறது. கழுத்துக்கு மேலே சாம்பிராணிப் புகை. காசு வேண்டாம் என்றேன். மனுஷன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். “வாப்பாட தலை எங்க எண்டு மகன் கேட்டா, அது வாணம் பாக்கப் போயிட்டு எண்டு சொல்றன்.”

கத்தரிக்கோல்

அந்த வருஷத்துப் படங்களில் நல்லதாக ஒன்றைப் பெரிதாக்கி ஸ்டூடியோக் கண்ணாடியில் மாட்டினேன். மேலே வாணம், கீழே நாற்பது ஐம்பது முகம். பூமணி அக்கா அதைப் பார்க்க அடுத்த கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமை.

நாலாம் நாள் ஒரு தகப்பன் வந்தார். சண்டை நிறுத்த ஒப்பந்தம் இருக்கத்தக்கதாகவே ஊரில் இரவில் ஆள் சூடுபட்டு விழத் தொடங்கியிருந்த நேரம் அது. தன் மகனுக்குப் பக்கத்தில் நிற்கிற பொடியனைத் தனக்குத் தெரியாது என்றார். மகனுக்கும் தெரியாதாம். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதே. மகன் நிற்கிற பக்கத்தை வெட்டித் தரச் சொல்லிக் கேட்டார். வெட்டிக் கொடுத்தேன். பின்னேரம் அந்தப் பக்கத்துப் பொடியனின் தமக்கை வந்தாள். அவளுக்கும் வெட்டினேன். இப்படியே ஆள் மாறி ஆள் வர, சனிக்கிழமை வரும்போது படத்தில் மிஞ்சியது வானமும் வாணமும்தான். மிச்ச நெகட்டிவ்களையும் அன்றிரவு அடுப்பில் போட்டேன். கடைசியாக வந்தவன் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற பொடியன். தன் துண்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எனக்குப் புத்தி சொன்னான்: “இனி மேலுக்கு மட்டும் எடுங்க அண்ணன். ஆகாயத்தில நிக்கிறவனை ஒருத்தரும் தேடி வரமாட்டாங்க.”

மேலே எடுத்த படங்கள்

கிழமை முடிய பூமணி அக்கா வந்தார். பனிச்சங்கேணியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு பையில் எனக்கென்று காய்ந்த இறால். மடியிலிருந்து கண் டொக்டர் கொடுத்த புதுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “காட்டுங்க மனே” என்றார். மகனைக் கண்டுபிடிக்கவென்றே கண்ணாடி எடுத்திருந்தார். நான் என்னத்தைக் காட்ட? ஸ்டூடியோக் கண்ணாடியில் மாட்டியிருந்த வானத்தைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். வெட்டியதையும் எரித்ததையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். படத்துக்குக் கிட்டப் போய் வாணத்தின் ஒவ்வொரு கதிரையும் விரலால் தொட்டு முடியும் இடம் வரை பார்த்தார். அது முடிகிற இடத்தில் கத்தரிக்கோல் போன கோடு இருந்தது. “வடிவாத்தான் இரிக்கு” என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். படியில் இறங்கும்போது திரும்பி, யாரையும் குறை சொல்லாத குரலில் கேட்டார்: “கொஞ்சம் கீழ விட்டு வெட்டியிருக்கலாம் தானே தம்பி?”

மூன்றாம் வருஷம்

அடுத்த சித்திரைக்குச் சனம் குறைவு. வந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ‘தொப்’ கேட்டால் இப்போது யாரும் படுப்பதில்லை. தோள் மட்டும் ஒருதரம் சுருங்கும். நான் ஸ்டாண்டைக் கீழே இறக்கினேன். வானத்தில் கால்வாசி, சனத்தில் முக்கால்வாசி. அந்தோனி அண்ணன் ஓடி வந்து, “என்ட வாணம் மேல போகுது, நீ எங்க பாத்து எடுக்கிறாய்? மறுகா எனக்கிட்டப் படம் கொண்டு வராத” என்று ஏசினார். வாணம் விரிகிற வெளிச்சத்தில் முகங்களை எடுத்தேன். கழுவி, ஒருவருக்கும் காட்டாமல், நெகட்டிவோடு அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

பூமணி அக்கா எங்கள் வீட்டுக் குசினித் தரையில் குந்தியிருந்து அவற்றைப் பார்த்தார். கண்ணாடி, அதற்கு மேல் நான் கொடுத்த பூதக்கண்ணாடி. ஒரு முகத்துக்கு ஒரு நிமிஷம் என்று பார்த்தார். என் மனிசி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். அது ஆறிப் போயிற்று. அசையாமல் நின்றவர்கள் எல்லாரும் தெளிவாக இருந்தார்கள். அவர்களில் ஒருவனும் ரவி இல்லை. எல்லாம் முடிந்தது என்று நான் படங்களை அடுக்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்தார். ஒரு படத்தின் ஓரத்தில், இரண்டு ஆட்களுக்கு நடுவே ஒரு புகை. நாலு விநாடிக்குள் யாரோ நடந்து போயிருக்கிறார்கள். கச்சான்காரனாக இருக்கலாம். நாயைத் துரத்திய பிள்ளையாக இருக்கலாம். தலை எது, தோள் எது என்று தொழில் செய்கிற எனக்கே தெரியவில்லை. சொல்ல வாயெடுத்தேன். மனிசி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பூமணி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, அந்தப் புகையில் விரலை வைத்தார். “இவன்தான். சின்னனில இருந்தே ஒரு இடத்தில நிக்கமாட்டான்.”

மஞ்சள்

அதோடு வாணம் நின்றது. சண்டை திரும்ப வந்தது. இப்போது ‘தொப்’ கேட்டால் நான் எண்ணுவது வேறு கணக்கு. அந்தோனி அண்ணன் தோணியில் மீனுக்குப் போகிறார். நான் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறேன், இரவில் விழித்திருக்கிறேன்.

இன்று காலை பூமணி அக்கா வந்தார். பாதை திறந்த முதல் நாளே வந்திருக்கிறார். நான் பெரிதாக்கிக் கொடுத்த அந்தப் படத்தைச் சேலைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். இரண்டு வாளித் தண்ணீரின் வேலை தெரிகிறது. ஓரமெல்லாம் மஞ்சள் ஏறி, புகை இருந்த இடத்தைத் தின்னத் தொடங்கியிருக்கிறது. இன்னொரு வருஷம் போனால் அவன் இருக்கமாட்டான். என்னைக் குறை சொல்லவில்லை. வெயிலில் வைத்தது தன் பிழையாம். நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்கக்கூடப் பயந்து நின்றார். அரிசிப் பானையைக் காட்டினேன். பிறகுதான் கதிரையில் இருந்தார். “அவக்கெண்டு வேணாம் மனே, ஆறுதலாச் செய்ங்க. நான் இரிக்கன். இந்தமுறை மங்காம அடிச்சித் தாங்க.”

இத்தனை வருஷம் ஆகாயத்தில் எத்தனையோ பூவைப் பிடித்தேன், இரண்டாம் பிரதி கேட்டு ஆள் வந்தது நான் பிழையென்று ஒதுக்கிய ஒரு புகைக்குத்தான்.

படத்தை மருந்திலிருந்து எடுத்துத் தட்டில் போட்டாயிற்று. இரண்டு வாளி முடிந்தது. மூன்றாவதுக்குக் கிணற்றடிக்குப் போகிறேன்.