மீண்டும் பேசிய பஷீர் பாய்

பஷீர் பாய் இன்று காலை போய்விட்டார். மீஞ்சூரில், அவர் வீட்டிலேயே. மாரடைப்பு...

கும்மிடிப்பூண்டியில் நான் டெஸ்பாட்ச் பார்த்த இரும்புக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். லோடு ஏற்றும்போதும் பேச்சு, இறக்கும்போதும் பேச்சு. வாய் ஓயாது மனுஷனுக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, சலானில் கையெழுத்துப் போட வந்தார். பேனா நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

ஆம்புலன்ஸில் சென்னை வரை நான்தான் கூடப் போனேன். டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஆச்சு? கரெக்டா சொல்லுங்க."

சலானில் நானே நேரம் எழுதியிருந்தேன். பத்து இருபது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு... அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். போட்டார்கள்.

மறுநாள் ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் மனைவி நூர்ஜஹான் அக்காவிடம் டாக்டர் சொன்னார். "அடைப்பு தொறந்துடுச்சும்மா. ஆனா எவ்ளோ தேறுவார்னு இப்பவே சொல்ல முடியாது. நடந்துடுவார்னு நினைக்கிறேன். வலது கை கஷ்டம். பேச்சு... மூணு மாசம் போகட்டும்."

"பேசிக்கினே இருக்கிற மனுசன் டாக்டர். அவரு சத்தம் இல்லாட்டி அது இன்னா ஊடு?"

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கோல் ஊன்றி நடந்து வந்தார். வாயில் ஒரே ஒரு வார்த்தைதான். "இன்னா." தண்ணீருக்கும் அதே, கோபத்துக்கும் அதே. என்னைப் பார்த்ததும் "இன்னா... இன்னா..." என்று அழுதார்.

"உன்னை உக்காரச் சொல்றாரு, மீனா," என்றார் அக்கா. எந்த "இன்னா"வுக்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கு அத்துப்படி.

தினமும் அவரை எதிரே உட்காரவைத்து, பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தார் அக்கா.

அப்புறம் ஒருநாள் ஆபீசுக்கு போன். மெதுவாக, இழுத்து இழுத்து... "மீனா... பாய் பேசறேன்... நல்லாக்கிறியா?"

டேபிளில் தலை வைத்து அழுதேன். வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

இன்று அக்கா பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"கை கடைசி வரிக்கும் வரல மீனா. பேச்சு வந்துச்சி. ஒண்ணரை வருசம் பேசினாரு... போதும்னு சொல்ல மனசு வரல."

எனக்கும் வரவில்லை.

போய்ட்டு வாங்க பாய். அக்காவை நாங்க பாத்துக்கறோம்.