என் டீயை மண்ணாக்கிய இலை

என் மனைவிக்குச் சர்க்கரை ஏறினால் பதறுகிறவன்தான் நான். ஆனால் போன தவக்காலத்தில் அது இறங்க இறங்க எனக்கு வயிறு எரிந்தது. காரணம் எதிர்வீட்டுக்காரன்.

ராயபுரத்தில் எங்கள் சந்து, எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், பெண்டாட்டியை இழந்தவன். மீனுக்கு ஐஸ் போடும் தெர்மகோல் பெட்டிகளில் மண்ணை நிரப்பி மொட்டைமாடியில் செடி வளர்ப்பான். ஒருநாள் சர்க்கரைக்கு நல்லதென்று சிறுகுறிஞ்சான் கொடியின் இலையைக் கொண்டுவந்து, "தங்கச்சி, காலைல ரெண்டு இலை மென்னு பாரு. ஒரு மாசம் டெஸ்ட் பண்ணிப் பாப்போம்" என்றான். தங்கச்சியாம்! "இன்னா மச்சான்" என்று என் தோளில் வேறு தட்டினான்.

அன்றிலிருந்து விடிந்ததும் இலையோடு வாசலில் நிற்பான். விரலில் குத்தி மெஷினில் பார்ப்பது மட்டும் என் வேலை. எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவள் சந்துக்கே கேட்கிற மாதிரி, "அண்ணாத்தே, இன்னிக்கும் கொறஞ்சிக்கீது!" என்று கத்துவாள். மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறவன் நான், பேர் வாங்குகிறவன் அவன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் டீயில் கைவைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணமான மறுநாளிலிருந்து காலை டீ நான்தான் போடுவேன். டாக்டர் எவ்வளவு திட்டியும் அந்த அரை ஸ்பூன் சர்க்கரையை மட்டும் நாங்கள் விட்டதில்லை. இலையை மென்ற வாயோடு ஒரு மடக்குக் குடித்தவள், "த்தூ, இன்னாயா இது, மண்ணு மாதிரி கீது" என்று தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நம்பாமல் நானும் ஓர் இலையைத் திருட்டுத்தனமாக மென்றுவிட்டு டீயைக் குடித்துப் பார்த்தேன். நிஜமாகவே மண்தான். அந்த இலை நாக்கில் பட்டால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாதாம், சிரித்துக்கொண்டே சொல்கிறான். படுபாவி, இத்தனை வருஷத்து டீயை ரெண்டு இலையில் முடித்துவிட்டான்.

கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நாளைக்காவது அந்த எண் ஏறட்டும் மாதாவே என்று வேண்டினேன். எந்தப் புருஷனாவது இப்படி வேண்டுவானா? நான் வேண்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒருசந்தி, ஒருவேளை மட்டும் சாப்பிடும் நோன்பு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வழக்கமான மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டாள். மதியம் பசி தெரியாமல் இருக்கட்டும் என்று மறுபடியும் இலையை மென்றிருக்கிறாள். சமையல்கட்டில் உட்கார்ந்தவள் எழவில்லை. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. மெஷினில் அவ்வளவு கீழான எண்ணை நான் பார்த்ததே இல்லை. சர்க்கரையை அள்ளி வாயில் போட்டேன். "மண்ணு... மண்ணைப் போடுறியே" என்று துப்பினாள். மறுபடி போட்டேன், மறுபடி துப்பினாள். "மண்ணுன்னே நெனச்சிக்கினு முழுங்குமே, முழுங்கு!" என்று அழுதுகொண்டே சர்க்கரைத் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊட்டினேன்.

என் சத்தம் கேட்டு அவன் ஓடிவந்தான். வாசலிலேயே நின்று, "என்னாலதான் தங்கச்சி, எல்லாம் என்னாலதான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தெளிந்தது. கண்ணைத் திறந்ததும் முதல் வார்த்தை அவனுக்குத்தான். "அழாத அண்ணாத்தே. உன் இலை நல்ல இலைதான்." அவள் துப்பிய சர்க்கரை என் சட்டையெல்லாம் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. எனக்கென்று ஒரு வார்த்தைகூட அவள் சொல்லவில்லை.

டாக்டர் எங்கள் மூவரையும் ஒன்றாக நிற்கவைத்துத் திட்டினார். மாத்திரையும் இலையும் பட்டினியும் சேர்ந்தால் வேறென்ன ஆகும் என்றார். இனி இலையைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் எண் ஏறியிருந்தது, நான் மாதாவிடம் கேட்டபடியே. டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "தித்திக்குதுயா" என்றாள். அப்பாடா, ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். எதிர்மாடியில் அவன் கொடியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.