இடுப்பில் மூன்று கிலோ இரும்பு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பூதலூர்ப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் இருபத்தெட்டு வருடம் நெல்லுக்கு எடை போட்டவன் நான். மூட்டைக்குள் கையை விட்டாலே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். என்னை யாரும் ஏமாற்றியதில்லை. கடைசியில் என் வீட்டு எடை மெஷினை நானே ஏமாற்றி, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன்.

இதயம் பலவீனமாகி, உடம்பு இளைத்துக்கொண்டே போகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

எனக்கு மாரடைப்பு வந்து ஆறு வருடம் ஆகிறது. அப்போதே எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் போன வருடம் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. திருக்கடையூரில் எங்கள் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் நம்பினேன். கன்னம் ஒட்டி, கால் மட்டும் வீங்கிய மாப்பிள்ளையை எந்த ஊரில் பார்த்தார்களோ தெரியவில்லை.

ஆனால் எடை பெரிதாக இறங்கவில்லை. சதை கரைந்த இடத்தில் நீர் தேங்கிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் டாக்டரம்மா டையூரெடிக் (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) கொடுத்தார். நீர் வடிந்ததும் மிஞ்சியது நாற்பத்தாறு கிலோ.

என் புஜத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது கார்டியாக் கேசெக்சியா (இதயம் தளர்ந்து, உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்பது) என்றார். குடலிலும் நீர் கோத்திருக்கும், பசிக்காது, தின்றது ஒட்டாது என்று விளக்கினார். வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டார். என் மனைவி தையல்நாயகி, கஞ்சியும் ரசம் சாதமும்தான் என்றாள். இதயக்காரருக்கு வயிறு காய்ந்தால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மீன், முட்டை, எண்ணெய் எல்லாவற்றையும் எட்டு மாதமாக நிறுத்தியிருந்தாள். நெல்லிலேயே புரண்டவன் வீட்டில் பட்டினி கிடந்திருக்கிறேன்.

"இதுக்குன்னு தனியா ஒரு மருந்து கிடையாதுங்க" என்றார் டாக்டரம்மா. "இதய மாத்திரையை விடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பிடணும். இன்னும் சதை இறங்குச்சுன்னா, ஒரு சாதாரண சளிக் காய்ச்சலைக்கூட உங்களால தாங்க முடியாது."

தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொன்னார். மெல்ல ஏறினால் சதை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர். நீர் மாத்திரை ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டுத் தனக்குப் போன் செய்ய வேண்டும் என்றார். தையு நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு முட்டை, பருப்பு, உப்புக் குறைத்த மீன் குழம்பு என்று கிண்ணம் கிண்ணமாக வந்தது. காலையில் மெஷினில் ஏறுவேன். அவள் குனிந்து பார்ப்பாள். அதே நாற்பத்தாறு. அந்த முகத்தை மூன்று வாரம் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மில்லை விட்டு வரும்போது ஆசைக்கு எடுத்து வந்த பழைய எடைக்கற்கள் பரணில் இருந்தன. அரைக்கிலோ இரும்பை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு ஏறினேன்.

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அன்றைக்கு எனக்கு ஒரு முட்டை கூடுதல்.

ஆசை யாரை விட்டது. மறுநாள் ஒரு கிலோ. மூன்றாம் நாள் இரண்டு கிலோ. தையு நோட்டைப் புரட்டி, போன் செய்தாள். டாக்டரம்மா லைனில் கிடைக்கவில்லை. கூடுதல் மாத்திரையை நீட்டினாள். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு விழுங்கினேன். மாத்திரை நீரை இறக்க இறக்க, எடை குறைந்தது தெரியாமல் இருக்க நான் இரும்பை ஏற்றினேன். அவள் மறுபடி மாத்திரை கொடுத்தாள். ஐந்தாம் நாள் காலை மூன்று கிலோவைக் கட்டிக்கொண்டு மெஷினில் ஏறியவன், தலை சுற்றி அதன் மேலேயே விழுந்தேன். கற்கள் வீடு முழுக்க உருண்டன.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் அடிமட்டத்துக்குப் போயிருந்தது, உடம்பில் உப்புச் சத்தும் குறைந்திருந்தது. டாக்டரம்மாவின் மேஜையில் தையு கற்களை வரிசையாக வைத்தாள். அவர் பார்த்துவிட்டு, என் வேலை என்னவாக இருந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எடை போடுவது.

இரண்டு நாள் தையு என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், என் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தபடி சொன்னாள்: "என் கையாலயே குடுத்து உங்களைக் கொன்னிருப்பேனே."

என் கேலி, கிண்டல் எல்லாம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். மெஷினில் நிற்பவர்களே, பக்கத்தில் நின்று பார்ப்பவர் மனதைத் தேற்றுவதாக நினைத்து எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் மருந்து கொடுக்கிறவர் கண்ணைக் கட்டிவிடுகிறீர்கள். எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். புஜத்தையும் தொடையையும் பிடித்துப் பாருங்கள். இதயக்காரர் என்பதற்காக யாரையும் பட்டினி போடாதீர்கள்.

இப்போது நாற்பத்தெட்டு. இரும்பு சேர்க்காமல். குறுவை, சம்பா என்று வருடத்தைக் கணக்குப் பண்ணியவனுக்கு இப்போது ஒரு நாள் என்பது ஆறு கிண்ணம். பத்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. உடம்பைப் பற்றி முன்பு யோசித்ததே இல்லை. இப்போது வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி, எதற்குக் கோபித்துக்கொள்ளுமோ என்று கேட்டுக் கேட்டுக் கவனிக்கிறேன்.

சாயங்காலம் வாய்க்கால் கரையில் மதகு வரைக்கும் நடை. தையு நாலு அடி முன்னால் போவாள். நேற்று பாதியில் மூச்சு வாங்கி நின்றேன். நிற்பதை மறைக்கப் பேச்சுக் கொடுத்தேன்.

"தையு, இதுல ஒரு லாபம் பாத்தியா? என்னைத் தூக்க நாலு பேர் வேணாம், ரெண்டு பேர் போதும்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தூக்கறதுக்கு இங்க ஆள் இல்ல, நடந்து வாங்க."