குழாய் ஓட்டு

எங்கள் பக்கத்துப் பெண்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தால் அதைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். பஸ் டிக்கெட்டானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, பேச்சு முடிவதற்குள் இறுக்கிச் சுருட்டிவிடுவார்கள். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிப் பழகிய கை அப்படித்தான் இருக்கும். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்த காலமெல்லாம், எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு மறுவாரம் என் மேஜைக்குக் குச்சியாகத்தான் திரும்பி வரும். திட்டித் திட்டி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். இந்தப் பழக்கம் ஒருநாள் எங்கள் ஒன்றியத்தில் ஆட்சியையே மாற்றும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்திருப்பேன்.

ரிட்டயர் ஆன கையோடு ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நின்றேன். காரணம் ஒரு ரோடு. எங்கள் ஊரிலிருந்து கம்பெனிகளுக்குப் போகிற அந்த ரோட்டில்தான் பெண்களை ஏற்றிய வேன் காலையும் மாலையும் குலுங்கிக்கொண்டு போகும். ஒருமுறை தீக்காயம் பட்ட ஒருத்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அதில் போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் போட்ட அலறல் இன்னும் காதிலேயே இருக்கிறது. பிழைத்துக்கொண்டாள், ஆண்டவர் புண்ணியம். ரோட்டுக்காகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுமேல் மனுவாகக் கொண்டுபோனேன். ஒன்றியத்தில் தீர்மானம் போட்டால்தான் ஆகும் என்றார்கள். ஒன்றியமோ ரொம்ப காலமாக ஒரே கட்சியின் கையில் இருந்தது. அவர்களுக்கு ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்ட மனசு வரும், ரோடு போட வராது. அப்படியானால் ஆளை மாற்றுவோம் என்று எதிர்க்கட்சியில் சீட்டுக் கேட்டு வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் வாத்தியாராக இருந்தவர். "ஊரு பூராவும் ஊசி குத்தியிருக்க. உனக்கு எவன் ஓட்டுக் குத்துவான்?" என்று கேலி செய்தார். குத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். ஊசி போட்டவளைத் திட்டுவார்களே தவிர மறக்க மாட்டார்கள்.

எங்கள் வார்டு அந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதுவரை கவுன்சிலராக இருந்த அந்தக் கட்சிக்காரர் நிற்க முடியாமல் தன் மனைவியை நிறுத்தினார். போஸ்டரில் அவர் முகம் பூசணிக்காய் அளவுக்கு, அவள் முகம் எலுமிச்சம்பழம் அளவுக்கு. ஓட்டுக் கேட்கப் போன இடத்திலெல்லாம் அவர் பேசுவார், அவள் பின்னால் நின்று கும்பிடுவாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். எம். புதுப்பட்டியில் பிறந்து, கல்யாணம் ஆகிறவரை குழாய் உருட்டியவள். அவளுடைய இரண்டு பிரசவமும் நான் பார்த்ததுதான். வலியிலும் வாயைத் திறந்து கத்தாதவள் என்பதால் நினைவிருக்கிறது.

கிராமத்து உள்ளாட்சித் தேர்தலில் மிஷின் கிடையாது. காகிதச் சீட்டில் முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சைச் சீட்டு. எண்ணிக்கை அன்று மத்தியானத்துக்குள் மற்ற வார்டுகளின் முடிவெல்லாம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. எங்கள் வார்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் ஒன்றியத் தலைவர் என்று ஆனது. வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் சரவெடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சிவகாசிப் பக்கம் அதற்குப் பஞ்சமா?

எங்கள் பெட்டியைக் கவிழ்த்தார்கள். மடித்த சீட்டுகளோடு பச்சைப் பச்சையாகக் குழாய்களும் கொட்டின. சுண்டுவிரல் பருமனில், ஒன்றுபோல ஒன்று, நுனி கலையாமல். மேஜையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அதைப் பிரிப்பது பெரும்பாடு என்று தட்டில் ஒதுக்கிவிட்டு, மடித்ததை முதலில் எண்ணினார்கள். அதில் அவள் எனக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தாள்.

உடனே அவளுக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த புருசன் எழுந்தார். "சார், உருட்டுனது பூராம் அடையாளம் வச்ச ஓட்டு. யாரு போட்டதுன்னு பாத்தாலே தெரியுதுல்ல? ரகசியம் போச்சு. செல்லாது. எண்ணவே கூடாது."

கம்பெனிப் பெண்கள் ஓட்டு எனக்குத்தான் என்று அவருக்குக் கணக்கு. உண்மையில் எனக்கும் அதே கணக்குத்தான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏம்ப்பா, வேலை செஞ்சு பழகுன கை உருட்டுது. அது குத்தமா? அவளுக உருட்டுன வெடியத்தான வாசல்ல உங்க ஆளுக வச்சிருக்கானுக?" என்று சத்தம் போட்டேன்.

தேர்தல் அதிகாரி இளவயசுக்காரர். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மடிப்பதைப் பற்றி எழுதியிருந்தது, உருட்டுவதைப் பற்றி இல்லை. அவர் முகம் புருசன் பக்கம் சாய்வது எனக்குத் தெரிந்தது. போச்சு, ரோடும் போச்சு என்று நினைத்தேன். ஜெபம்கூட வாயில் வரவில்லை.

அப்போதுதான் அவள் எழுந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தவள்.

"சார், உருட்டுனது செல்லாதுன்னா என் ஓட்டும் செல்லாது. நானும் உருட்டித்தான் போட்டேன்."

புருசன் திரும்பி, "ஏய், ஒக்காரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அவள் உட்காரவில்லை. "இம்புட்டு வருசமும் நீங்க சொன்ன எடத்துல குத்துனேன். இந்தத் தடவதான் எம் பேரப் பாத்து நானே குத்துனேன். அதப் போயி செல்லாதுங்கிறீக." பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள். "நான் தோத்தாலும் சரி. எண்ணுங்க சார்."

வேட்பாளரே எண்ணச் சொல்லிவிட்ட பிறகு ஏஜெண்டின் ஆட்சேபம் என்ன ஆகும்? அதிகாரி புத்தகத்தை மூடினார். உருட்டினாலும் சீட்டு சீட்டுத்தான், முத்திரை ஒரே சின்னத்தில் தெளிவாக இருந்தால் செல்லும் என்றார். குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீவி, ஓரத்தை அமுக்கிப் பிடித்து எண்ணினார்கள். விட்டால் மறுபடி சுருண்டுகொண்டது. எல்லாம் எனக்கு விழவில்லை. எனக்கென்று நான் நினைத்திருந்த பெண்களில் எத்தனையோ பேர் அவளுக்குக் குத்தியிருந்தார்கள். அது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் கடைசியில் விரல்விட்டு எண்ணுகிற வித்தியாசத்தில் ஜெயித்தேன். வாசலில் எங்கள் பக்கத்துச் சரம் வெடித்தது. ஒன்றியம் கைமாறியது.

புதுத் தலைவர் பதவியேற்றதும் ரோட்டுத் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று எங்கள் கட்சிக்காரர்களே இழுத்தார்கள். என் வாய்தான் ஊருக்கே தெரியுமே, அன்றைக்கே நிறைவேற்ற வைத்தேன்.

தார் போட்ட அன்று வெயிலில் குடையோடு போய் நின்றேன். ரோடு ரோலர் போகிற சத்தத்தில், பக்கத்தில் அவள் வந்து நின்றது தெரியவில்லை. தனியாக வந்திருந்தாள்.

"நல்லாருக்கீகளா நர்சம்மா?" என்றாள். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, "நான் மட்டும் அன்னைக்கு வாயத் தொறக்கலைன்னா இந்த ரோடு வந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"வந்திருக்காது" என்றேன். வேறென்ன சொல்ல?

"அப்ப அடுத்த தடவ, இந்த ரோடு என்னால வந்ததுன்னு சொல்லித்தான் ஓட்டுக் கேப்பேன். அவரு கூட வர வேண்டாம்னு சொல்லிட்டேன். நானே கேட்டுக்கிருவேன்."

"கேளு. நானும் இதே ரோட்டச் சொல்லித்தான் கேப்பேன். ஜெயிக்கிறதும் நாந்தான்" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அவ உன்னோட ரோட்டச் சொல்லி ஓட்டுக் கேட்டா ஊரு நம்புமா?" என்றார்.

நம்பட்டும். அவள் சொல்லப்போவது பொய்யில்லையே.