எடை மேடையில் ஹிஜ்ரி 1426

மழைக்காலத்துக்கு முன் உப்பை அம்பாரமாகக் குவித்து மேலே கீற்று வேய்ந்துவிடுவது மரக்காணத்தில் வழக்கம். 2005-இல் ஒரு உப்பளக்காரர் மட்டும் வேயவில்லை. அம்பாரம் முழுவதையும் விற்றாயிற்று, விடிந்ததும் நாலு லாரி வந்து அள்ளிக்கொண்டு போகப் போகிறது, பிறகு கீற்று எதற்கு என்று விட்டுவிட்டார். லாரிகள் சொன்னபடி வந்தன. கூடவே, யாரும் சொல்லாமல், கிழக்கே மேகமும் வந்தது. லாரிகளை எடை போடும் மேடையின் கம்ப்யூட்டர் மட்டும் வேலை செய்யவில்லை. அதில் ஓடிய எடைச்சீட்டு புரோகிராமை எழுதிய மேதை நான்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். பயோடேட்டா அடிப்பதும் கல்யாணப் பத்திரிகை அடிப்பதும் போக, மிச்ச நேரத்தில் என்னைப் பெரிய மென்பொருள் நிபுணன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அன்று காலை எடை மேடை பாய் போன் செய்தார்.

"தம்பி, உன் பொட்டி என்னைத் திருடன்னு சொல்லுதுப்பா. நோன்பு வெச்சிருக்கேன், அதனால பதிலுக்கு நான் ஒண்ணும் சொல்லல."

பெட்டி அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் புரோகிராமை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதைத் தவிர்க்க யாராவது கம்ப்யூட்டர் தேதியைப் பின்னுக்குத் தள்ளினால், புரோகிராம் கண்டுபிடித்துப் பூட்டிக்கொள்ளும். வெறுமனே பூட்டிக்கொண்டால் போதாதென்று, சிவப்புக் கட்டத்தில் 'தேதியில் கை வைக்காதே திருடா' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். எழுதிய அன்று நானே அதைப் பார்த்து ஒரு மணி நேரம் சிரித்திருப்பேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது லாரிகள் ரோடு வரை நின்றன. முதலில் காலி லாரியின் எடையைப் போட வேண்டும். அப்புறம்தான் உப்பளத்துக்குப் போய்ச் சுமை ஏற்ற முடியும். கையால் எழுதிய சீட்டை உப்பு வாங்கும் கம்பெனியில் ஏற்கமாட்டார்கள். வேறு எடை மேடை என்றால் திண்டிவனம் பக்கம் போக வேண்டும். போய்த் திரும்புவதற்குள் அம்பாரம் கரைந்து ஓடையில் சேர்ந்துவிடும்.

திரையின் மூலையில் மணி சரியாகக் காட்டியது. அணைத்துப் போட்டேன். தொடக்கத்தில் வரும் நீலத் திரையில் தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதிதான், வருஷமும் 2005-தான். ஆனாலும் உள்ளே போனதும் 'திருடா'. பேட்டரியை மாற்றினேன். திருடா. புரோகிராமைக் கழற்றி சிடியிலிருந்து மறுபடி ஏற்றினேன். திருடா. இந்த முறை அது பாயைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்லியது என்று தோன்றிற்று.

உப்பளக்காரருக்கு உட்காரவே முடியவில்லை. வெளியே போவார், வானத்தைப் பார்ப்பார், உள்ளே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று "ஆச்சா?" என்பார். நான் "இதோ" என்பேன். மறுபடி போவார். டிரைவர்கள் மாறி மாறி ஹாரன் அடித்தார்கள். இது போதாதென்று, பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் காற்று தடதடவென்று தட்டியது.

"ஏம்பா, மழைன்னா என்னன்னு உன் பொட்டிக்குத் தெரியுமா?" என்று உப்பளக்காரர் கேட்டார்.

தெரியாது என்பதுதான் உண்மை. மறுபடி ஒருமுறை அணைத்துப் போட்டேன்.

அப்போதுதான் பாயின் தங்கை புருஷன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். சவூதியில் வேலை பார்ப்பவர். இந்தக் கம்ப்யூட்டரை அங்கிருந்து அனுப்பியதும் அவர்தான். பாதி நோன்பில் லீவு கிடைத்து ஊருக்கு வந்திருந்தார். அங்கே பிறை ஒரு நாள் முன்னதாகத் தெரிந்துவிட்டதால், அவர் கணக்கில் ஒரு நோன்பு கூடுதல். வந்த நாள் முதல் இது எத்தனாவது நோன்பு என்று மச்சான்கள் இருவருக்கும் பேச்சு ஓயவில்லையாம்.

திரையை எட்டிப் பார்த்துவிட்டு அவர் சாதாரணமாகச் சொன்னார்: "எத்தனாவது நோன்புன்னு காட்டுதா? ராத்திரி நான்தான் சவூதிக்கு மாத்தி வெச்சேன். இப்பவாவது மச்சான் ஒத்துக்குவாரு."

மணியின் மேல் மவுஸை நிறுத்தினேன். முழுத் தேதி விரிந்தது. ரம்ஜான் மாதம், வருஷம் 1426.

தேதியை யாரும் தொடவில்லை. காலண்டரைத்தான் மாற்றியிருந்தார். கம்ப்யூட்டர் ஹிஜ்ரி என்ற முஸ்லிம் ஆண்டுக் கணக்கில் 1426 என்றதை என் புரோகிராம் அப்படியே வாங்கிக்கொண்டு, நேற்று 2005, இன்று 1426 என்று கணக்குப் போட்டுவிட்டது. என் கட்டணத்துக்குப் பயந்து ஒரு மனிதர் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் ஓடிப் போவாரா என்று யோசிக்க அதற்குத் தெரியவில்லை. எழுதியவனுக்கே தோன்றாதது அதற்கு எங்கிருந்து தோன்றும்?

ரீஜனல் செட்டிங்ஸைத் திறந்து இந்தியா என்று மாற்றினேன். சிவப்புக் கட்டம் போயிற்று. முதல் லாரி மேடை ஏறியது, பிரிண்டர் கிறீச்சிட்டுச் சீட்டைத் துப்பியது. உப்பளக்காரர் அதைக் காயவிடாமல் பிடுங்கிக்கொண்டு ஓடினார். "நீங்க ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க" என்று போகிற போக்கில் எங்களைப் பார்த்துச் சொன்னார். மறுக்கிற நிலைமையில் நானும் இல்லை, சவூதிக்காரரும் இல்லை.

உப்பளத்தில் மூன்று லாரி நிறைந்தது. நாலாவது பாதியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. லாரியின் மேலே கட்ட வேண்டிய தார்ப்பாயை இழுத்து லாரிக்குப் பாதி, மிச்ச அம்பாரத்துக்குப் பாதி என்று விரித்தோம். ஆளுக்கொரு மூலை. என்னுடைய மூலையை மட்டும் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. தொங்கிக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீர் ஷூவுக்குள் வந்துவிட்டது.

எதிர் மூலையில் சவூதிக்காரர் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்தேன். இன்னும் நோன்புக் கணக்குதான்.

"கயித்தைப் புடிய்யா" என்றார் உப்பளக்காரர். பிறகு என் பக்கம் திரும்பினார். அம்பாரத்தின் அடியில் கொஞ்சம் வெள்ளையாகக் கரைந்து அவர் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் கரையாமல் தப்பியது என்று தெரிந்ததும் சொன்னார்:

"அடுத்த வருஷம் உன் புரோகிராம் எப்படியோ இருக்கட்டும். நான் கீத்து போட்டுடறேன்."