எமகண்டம் முடியட்டும்

எச்சில் தொட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார் சென்னகேசவன். சட்டைப்பையில் அடங்கும் சின்னப் புத்தகம். ஓரமெல்லாம் தறி எண்ணெய்க் கறை. காலை ஆறு மணி வலி ஊசியோடு சாஜிதா நர்ஸ் அவர் மனைவி செவ்வந்தியின் கட்டிலருகே நின்றிருந்தாள்.

"எமகண்டமுங்க. ஏழரைக்கு மேல போட்டுக்கலாமுங்க."

"வலி உங்களுக்கா சார், அவங்களுக்கா?"

"அவளுக்குத்தானுங்க. அதனாலதான நல்ல நேரம் பாக்கறேன்."

பதினான்கு கட்டில்களுக்கு ஒருத்தியாக ஓடும் சாஜிதா அடுத்த அறைக்குப் போய்விட்டாள். திரும்பிவர எட்டாகிவிட்டது.

வெள்ளகோவிலில் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர் சென்னகேசவன். தறி நின்றால் ராகு காலத்திலும் மெக்கானிக்கை இழுத்து வருவார். மனைவி விஷயத்தில்தான் இந்தப் பொறுமை. செவ்வந்திக்கு ஆபரேஷன்தான் என்று முன்பே முடிவுசெய்த டாக்டரம்மா, "எந்த நாள் வெச்சுக்கலாம்?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டுவிட்டார். இவர் பவானிக்குப் போய் ஜோசியரிடம் புதன்கிழமை ஒன்பதேகால் என்று எழுதி வாங்கி வந்தார். குழந்தை ஒன்பது பதினேழுக்குப் பிறந்தது. அன்றோடு காலம் தன் கைக்கு வந்துவிட்டதாக நினைப்பு. "நான் குறிச்ச நேரமுங்க, ரெண்டே நிமிசந்தான் பிசகு" என்று எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஈரோடு வரைக்கும் சொல்லி முடித்தார். வயிற்றைக் கிழித்துக்கொண்டவள் பேச்சு அதில் வரவில்லை.

"வலி எப்படி இருக்கு கண்ணு?" என்று யார் கேட்டாலும், "பரவாலீங்க" என்று முந்திக்கொள்வார். இருமல் வந்தால் செவ்வந்தி தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, மூச்சைச் சிறுகச் சிறுக விடுவாள். அப்போது அவர் கிழமை பார்த்துக்கொண்டிருப்பார்.

அது ஆபரேஷனுக்கு மறுநாள், வியாழன். அன்றைக்கே எழுந்து நடக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. மதியம் இரண்டு மணிக்கு அடுத்த ஊசியோடு சாஜிதா வந்தாள்.

"இதப் போட்டு அரை மணி கழிச்சு நாலு எட்டு நடக்கணும். படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும்."

சென்னகேசவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலோர மேசையில் எல்லோருக்கும் முள் தெரியும்படி வைத்தார்.

"மூணு வரைக்கும் ராகு காலமுங்க. மொதமொதல்ல கால் ஊனறது... ஒரு மணி நேரம் பொறுத்துக்கோ அம்மிணி."

செவ்வந்தி கையை நீட்டிக் கடிகாரத்தை முகம் குப்புறக் கவிழ்த்தாள்.

"ஏனுங்க, அந்த ஒரு மணி நேரத்த வயித்துல தையலோட நீங்க படுத்து ஓட்டுங்க. நர்சக்கா, நீங்க போடுங்க."

பல்லைக் கடித்து ஒருக்களித்தாள். ஊசி இறங்கியது. இரண்டே முக்காலுக்கு, சாஜிதாவின் தோளைப் பற்றி, பாதி குனிந்தபடி ஜன்னல் வரைக்கும் நடந்தாள்.

சென்னகேசவன் அவள் பக்கம் திரும்பவில்லை. கடிகாரத்தை இரண்டு கையாலும் எடுத்துத் துண்டால் துடைத்தார். எங்காவது அடிபட்டிருக்குமோ என்று காதோரம் வைத்து, மூச்சடக்கிக் கேட்டார்.