பூட்டாமல் விட்ட கம்பிகள்

அன்றைக்கு வேலணையில் படகு ஏற்றிய டிரெய்லரைக் கொளுவியதும் என் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் வானம் பார்த்து நின்றது. அதை முதலில் கண்டவர் சம்மாட்டி அக்கா. படகும் வலையும் சொந்தமாக வைத்துத் தொழில் செய்பவரை எங்கள் தீவுகளில் சம்மாட்டி என்போம். கணவர் இறந்தபின் அந்தப் பெயரும் தொழிலும் அவருக்கு வந்திருந்தன. பழுதுபார்த்த படகைக் குறிகட்டுவானுக்கு இழுத்துப்போக என்னைப் பிடித்திருந்தார்.

"தம்பி, முன்சில்லு பாரமாய் நிக்கேல்லை. உந்தக் கம்பியளைப் பூட்டினால் என்ன?"

முன்பொருமுறை நான் பூட்டியதைப் பார்த்திருக்கிறார். கம்பிகள் இருக்கைக்குப் பின்னால்தான் கிடந்தன. டிரெய்லரைக் கொளுவிய கொழுக்கியின் இரு பக்கமும் அந்த வில்லுக்கம்பிகளை மாட்டிச் சங்கிலியால் இறுக்கினால், பின்சில்லுகளில் ஏறிய பாரத்தில் ஒரு பங்கு முன்சில்லுகளுக்கும் டிரெய்லரின் சில்லுகளுக்கும் போய்விடும். வாகனம் மட்டமாக நிற்கும். கால்மணி நேர வேலை. வெயில் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். படகு ஏற்றிய ஆண்கள் சுற்றி நிற்க, ஒரு பெண் எனக்கு வாகனம் சொல்லித்தருவதா என்பதுதான் உண்மை. எனக்குத் தெரியாத வேலையோ என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் ஏறினார்.

புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில், இருபுறமும் கடல் கிடக்க, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிக்கப் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. ஸ்டியரிங் கையில் பஞ்சுபோல் இருந்தது. திருப்பினால் சற்றுப் பிந்தித்தான் வாகனம் திரும்பியது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். எதிரே பஸ் வந்தது. ஒதுங்கிப் பிரேக்கை அழுத்தினேன். முன்சில்லுகள் வழுக்கின, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளியது. படகு சரிந்து கரைக்கற்களில் விழுந்து அடிப்பக்கம் பிளந்தது. எங்களுக்குக் காயமில்லை.

பஸ்ஸில் வந்த சனம் இறங்கிச் சூழ்ந்தது. பாதிப்பேர் எங்கள் இருவரையும் அறிந்தவர்கள். யாரும் கேட்பதற்கு முன்பே என் வாய் திறந்தது.

"வலையையும் எஞ்சினையும் கண்டபடி ஏத்தினால் இப்பிடித்தான்."

அவற்றைப் படகுக்குள் ஏற்றச் சொன்னவன் நானே. சம்மாட்டி அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். இருக்கைக்குப் பின்னால் கிடந்த கம்பிகளைக் காட்டியிருந்தால் போதும், காட்டவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வலையைச் சேர்க்கத் தொடங்கினார்.

அந்தப் பருவம் முழுவதும் அவர் கரையில் இருந்து பிறருடைய கிழிந்த வலைகளைப் பொத்தினார். பொம்பிளை ஏற்றிய பாரம் என்று சனம் சிரித்ததை இறுப்பிட்டிச் சந்தியில் என் காதாலேயே கேட்டேன். கேட்டுக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

அதற்குப் பிறகு கம்பி பூட்டாமல் நான் எதையும் இழுப்பதில்லை. வாகனம் தாழாமல், தலையாட்டாமல் போகும். அந்தச் சுகமே என்னைக் குத்தும்.

சென்ற மாதம், வேறு வாகனம் கிடைக்காமல், புதிய படகை இழுக்க அவர் மறுபடி என்னை அழைத்தார். சங்கிலியை இறுக்கிக்கொண்டு, நிமிராமலே சொன்னேன்:

"அண்டைக்குப் பிழை என்னிலைதான் அக்கா."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். சனத்துக்கு எப்ப சொல்லப்போறீர்?"

குரலில் கோபமில்லை.

இங்கே எழுதிவிட்டேன். குறிகட்டுவானில் பஸ்ஸுக்கு நிற்கும் அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.